பேட்டரி மேல் மட்டும் பழி போட வேண்டாம்

"சில நேரம் மட்டும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அவசர முடிவு. தேய்ந்த பேட்டரி பெரும்பாலும் காலையில்தான் முரண்டு பிடிக்கும். கடலோர உவரியிலிருந்து பாளையங்கோட்டை வரை ஓடி, டீக்கு நிறுத்திய சூட்டில் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதென்றால் ஸ்டார்ட்டர் சொலினாய்டையும் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) எர்த் வயரையும் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் கம்பி) பாருங்கள். உப்புக் காற்று கம்பிகள் மாட்டும் முனையை, அதாவது டெர்மினலை, அரித்துவிடும். கடலோர வண்டிகளுக்கு இது தீராத தொல்லை.

வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும், ஒழுங்காக ஓடும்போது அளந்து பயனில்லை. சாவியைத் திருப்பியும் பேட்டரி முனைகளில் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா? பேட்டரி நிரபராதி. சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள். புது பேட்டரிக்குப் பணம் கட்டுவது அதற்கப்புறம்.