வீடும் ஊழியமும் வேறு வேறு அல்ல

“வீட்டைக் கவனிப்பது பெண்ணுக்கு ஆண்டவர் கொடுத்த ஊழியம்” என்று பிரசங்கத்தில் கேட்டால் நான் மனதார ஆமென் சொல்வேன். அதே மூச்சில் “மற்றதை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று பிரசங்கியார் தொடரும்போதுதான் மனம் ஒப்புவதில்லை. பிள்ளை வளர்ப்பு அவ்வளவு பெரிய ஊழியம் என்றால், அதைச் செய்கிறவளின் பேச்சைச் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியிலும் கேட்க வேண்டுமே. இன்னொரு பக்கம், முழுநேர ஊழியத்துக்கு வந்த சகோதரிகள் சிலர் வீட்டில் இருக்கும் பெண்களை ஒரு படி கீழே வைத்துப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேச்சும் பிறப்பது ஒரே இடத்தில்தான். வீட்டையும் ஊழியத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டோம். திருநெல்வேலிச் சபையில் பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன், நம் முன்னோர் அப்படிப் பிரித்து வாழவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் வளர்ந்த பிள்ளைகள் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து வந்தது பிள்ளை வளர்க்க அல்ல. பெண்கள் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொல்வதுதான் அவருடைய வேலை. 1901-ல், கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஒரு சின்னப் பெண் பண்ணைவிளையில் அவரிடம் ஓடி வந்து சேர்ந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். வண்டிப் பயணம் நின்றது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடுவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதை எமி அம்மையாரே தம் எழுத்தில் எடுத்துச் சொல்கிறார். எத்தனையோ பேருக்குப் பயன்படக்கூடிய வேலையை விட்டுவிட்டு வெறும் ஆயாக்களாக இருந்துவிடுவது சரியா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. சுற்றியிருந்தவர்களும் இது சுவிசேஷ ஊழியமா என்று கேட்டார்கள்.

யோவான் 13-ம் அதிகாரத்தில் அவருக்குப் பதில் கிடைத்தது. ஆண்டவர் எழுந்து, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, சீஷருடைய கால்களைக் கழுவினார். அவரே அதைச் செய்தார் என்றால், குழந்தையின் துணியை அலசுவது எப்படித் தாழ்ந்த வேலையாகும்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆராதனை முழுவதும் ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நடந்தபடியே பிரசங்கத்தைப் பாதி கேட்டும் பாதி விட்டும் நிற்கிற ஒவ்வொரு தாய்க்கும் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. “குழந்தை பிறந்ததிலிருந்து ஆண்டவருக்காக ஒன்றுமே செய்ய முடியவில்லை அக்கா” என்று என்னிடம் அழுத பெண்கள் உண்டு. யார் இவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?

எமி அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொன்னம்மாளை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். இளம் வயதில் விதவையானவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அந்தக் காலத்தில் விதவை என்றால் வீட்டு மூலையில் அடங்கி இருக்க வேண்டும். பொன்னம்மாள் அந்த வண்டியில் ஏறி ஊழியத்துக்கு வந்தார். பிறகு, மிஷன் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் என்பதால் நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடு தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. வயிற்றுப்போக்கு பரவி குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த நாட்களிலும் அவர்தான் அங்கே நின்றார். 1915-ல் புற்றுநோயால் இறந்தார். ஒருவர் பெற்ற தாய், இன்னொருவர் பெறாத தாய். டோனாவூர்க் குடும்பம் இந்த இருவரின் கைகளிலும் வளர்ந்தது. குழந்தை இல்லாத சகோதரிகளை அன்னையர் ஞாயிறு அன்று பூக்கொடுக்காமல் தாண்டிப் போகிற சபைகள் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும். கல்யாணம் ஆகாதவர்களையும் அப்படித்தான் தாண்டிப் போகிறோம்.

நாகர்கோவிலுக்கு வருவோம். மார்த்தா மால்ட் அம்மையார் மிஷனரியான கணவர் சார்ல்ஸ் மால்ட்டுடன் 1819-ல் அங்கே வந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. பின்னல் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்கள் உண்டு. மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, தமிழ் கேட்டே வளர்ந்தவர். 1844-ல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். தேரிக்காட்டு மணலுக்கு நடுவே அங்கேயும் பெண்கள் விடுதிப் பள்ளி, அங்கேயும் லேஸ். அம்மாவிடம் கற்றதை மகள் அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார். கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக 1968-ல் மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள், வைக்க வேண்டியதுதான். ஆனால் இடையன்குடியின் கதையை எலைசாவை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குப் பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயு ஞாபகம் வரும். அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் அது எங்கே வேர்விட்டது என்றும் சொல்கிறார்: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அப்பா கிரேக்கர் என்பதற்கு மேல் வேதம் ஒன்றும் சொல்லவில்லை. எபேசு சபையைப் பார்த்துக்கொண்ட அந்த வாலிபனுக்கு வேத எழுத்துக்களைச் சிறுவயதிலேயே அறிமுகம் செய்துவைத்தது அந்த வீடுதான்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிடுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. லோவிசாளைச் சொல்கிற அதே வேதம் பிரிஸ்கில்லாளையும் சொல்கிறது. அவளும் கணவன் ஆக்கில்லாவும் கூடாரம் பண்ணிப் பிழைத்தார்கள், அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவை இருவரும் சேர்ந்து அழைத்துப்போய்த் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்றே பவுல் எழுதுகிறார். லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்ற வியாபாரி, பிலிப்பி பட்டணத்தில் விசுவாசிகளுக்கு அவள் வீடு திறந்திருந்தது. கல்யாண வீடுகளில் வாசிக்கிற நீதிமொழிகள் 31-ல் வரும் குணசாலியான ஸ்திரீகூட ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் போடுகிறாள், வாய் திறந்தால் ஞானம் பேசுகிறாள். நாம் மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லும்போது அவள் விடியுமுன் எழுந்து சமைக்கிற வசனத்தில் மட்டும் நிற்கிறோம்.

நம் ஊரில் முதல் கல்லை வைத்ததே ஒரு பெண் அல்லவா! தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை குளோரிந்தாள். ஓர் ஆங்கில அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்தவர் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். 1778-ல் கொடுத்தார். குளோரிந்தாள் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையானது, இன்றைக்கும் ஜனங்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். கணவன் வீட்டுப் பெருமையோ பெற்ற பிள்ளையோ அவருக்கு அடையாளமாக இல்லை. ஒரு சபையே அவருக்குப் பிள்ளையாயிற்று.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 2013-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் திருமண்டலப் பேராயர் ஆனார், நம் திருச்சபையின் முதல் பெண் பேராயர். சட்டத்தில் கதவு திறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. நம் வீட்டுப் பெண் இறையியல் படிக்கப் போகிறேன் என்றால் மட்டும் “அப்புறம் கல்யாணம்?” என்று கேட்கிறோம். பையன் போகிறேன் என்றால் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறோம்.

பெரிய பெயர்களை விடுங்கள். கைப்பிடி அரிசியை நினைத்துப் பாருங்கள். உலையில் போடுமுன் ஒரு கை அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அவர்கள் கையில் காசு இருக்காது, வீட்டு வரவு செலவு ஆண்கள் கையில். ஆனால் அரிசிப்பானை அவர்களுடையது. அந்த அரிசியை மாதக் கடைசியில் சேர்த்து விற்ற பணம் ஊழியத்துக்குப் போனது. சமையலும் காணிக்கையும் ஒரே கையால், ஒரே நேரத்தில் நடந்தன. இதில் எது வீட்டு வேலை, எது ஊழியம் என்று யாரால் பிரிக்க முடியும்?

இப்போது அந்தப் பாட்டிமாரின் பேத்திகள் வேலைக்கும் போகிறார்கள், ஞாயிறு பள்ளியும் எடுக்கிறார்கள், மே மாத வெயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நடத்துகிறார்கள். ஆகவே பெண்களுக்கு இன்னும் ஊழியம் கொடுங்கள் என்று மட்டும் கேட்க எனக்கு மனமில்லை. ஏற்கெனவே முதுகு ஒடிகிறது. ஆண்கள் வீட்டுக்குள் வரட்டும். ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்புவதை அப்பாமார் ஏற்றுக்கொண்டாலே, அம்மா ஆலயத்தில் முதல் மணி அடிக்கும்போதே போய் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்க முடியும். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பெரிய அண்டாவில் கிண்டுகிற ஆண்கள் நம்மிடம் ஏராளம். அந்தக் கை மறுநாள் வீட்டு அடுப்பில் ஏன் படுவதில்லை? குடும்ப ஜெபத்தை நடத்துவதும் தாயின் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை.

கடைசியாக ஐயரம்மாக்கள், அதாவது போதகர்களின் மனைவிமார். எந்தச் சேகரத்திலும் சம்பளமே இல்லாத முழுநேர ஊழியக்காரி அவர்தான். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், நோயாளி வீடு, துக்க வீடு, சண்டை போட்டுக்கொண்டு நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிற தம்பதி, எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொரு மாற்றலுக்கும் பள்ளி மாறி, நண்பர்களை இழந்து வளர்கிறார்கள். ஆலய நூற்றாண்டு மலரைப் புரட்டினால் ஐயர்மார் பெயரும் வருஷமும் படமும் வரிசையாக இருக்கும். அவர்கள் மனைவிமார் பெயரை நான் தேடித்தேடிப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இருப்பதில்லை.

உங்கள் ஆலயத்தில் அடுத்து மலர் போடப்போகிறார்கள் என்றால் இப்போதே கமிட்டியில் சொல்லி வையுங்கள். ஐயரம்மாக்களின் பெயர்கள் வேண்டும், வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களின் பெயர்கள் வேண்டும், தலைமுறைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்த ஞாயிறு பள்ளி டீச்சர்களின் பெயர்கள் வேண்டும். பதிவேட்டில் கிடைக்காவிட்டால் ஊரில் வயதான அம்மாமார் சொல்வார்கள். போனை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். வாலிபர் ஐக்கியப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவார்கள்.