உரிமம் இருந்தால் மட்டும் போதாது
உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகப் போனால் வெளிநாட்டு வேலையில் ஏமாற வழியில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் தம்பி குவைத்துக்குப் போனதும் அப்படிப்பட்ட ஏஜென்சி மூலம்தான். ஆனால் பணம் வாங்கியது அந்த ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த, ஊரிலிருந்த சப்-ஏஜென்ட். ஒன்றேகால் லட்சம், ரசீது கிடையாது. விதிப்படி சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எலெக்ட்ரீஷியன் என்று பேசி அனுப்பினார்கள், அங்கே கிடைத்தது கட்டடத்தில் சுமை தூக்கும் வேலை. அம்மாவின் நகையை மீட்கவே இரண்டு வருடம் ஆனது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்சியின் உரிம எண்ணைப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். பணத்தை ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். விசாவிலும் ஒப்பந்தத்திலும் ஒரே வேலைதான் எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே, படித்த யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.