மணவாளக்குறிச்சி கறுப்பு மணல் நிலக்கரிக் கழிவு அல்ல

"கைவிட்ட நிலக்கரிச் சுரங்கக் கழிவு மழையில் அரித்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் படிகிறது" என்று ஆரஞ்சு நிற ஓடைப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. குமரி மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை. தமிழ்நாட்டில் தோண்டுவது பழுப்பு நிலக்கரி, அதுவும் கடலூர் மாவட்ட நெய்வேலியில்.

கரையில் கறுப்பாகத் தெரிவது இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். மலைப்பாறை சிதைந்து, ஆற்றோடு கடலுக்கு வந்தது. அலை லேசான வெள்ளை மணலை இழுத்துப் போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், கை கனக்கும். நல்ல காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். நிலக்கரி ஒட்டாது, எடையும் குறைவு.

ஆரஞ்சு ஓடைகள் அமெரிக்காவின் பென்சில்வேனியா போன்ற பழைய சுரங்கப் பகுதிகளில் உண்டு. கழிவுக் குவியலில் உள்ள பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும்; கரைந்த இரும்பு துருவாகப் படியும். மழை அந்தக் குவியலை அரித்து ஓடையை மேடாக்குவதும் உண்மைதான். ஆனால் அது அந்த ஊர்க் கதை.

மணல் எடுப்பதால் வரும் கரையரிப்பு, அதே மணலில் உள்ள மோனசைட் என்ற தோரியக் கனிமத்தின் கதிரியக்கம் பற்றிய கேள்விகள் வேறு. அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் இந்திய புவியியல் ஆய்வு மையம், அங்கே மணல் எடுக்கும் அரசு நிறுவனமான ஐஆர்இஎல் ஆகியவற்றின் இணையதளங்களைப் பாருங்கள். இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குரூப்பில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.