ஜெரோமுக்கு எதற்கு வண்ணம்?

நேற்றிலிருந்து சுற்றும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1514இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் செம்புத் தகட்டில் வெட்டித் தாளில் அச்சிட்ட படம் அது; படிப்பறையில் இருக்கும் கிறிஸ்தவத் துறவி புனித ஜெரோமுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றி, "இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது" என்று போட்டிருக்கிறார்கள். என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் அதற்கு இதயம் விட்டிருக்கிறீர்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எப்போது உயிர் இல்லாமல் இருந்தது? இடப்பக்க ஜன்னலைப் பாருங்கள். வட்ட வட்டக் கண்ணாடிகளின் நிழல் பக்கச் சுவரில் மங்கலாக விழுந்திருக்கிறது. அங்கே சாம்பல் நிறமே கிடையாது. கறுப்புக் கோடு, இடையில் வெறும் தாள். கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெயில். அதன்மேல் மஞ்சளை அப்பினால் கோடு போச்சு. கோடு போனால் வெயிலும் போச்சு!

எங்கள் பெரியப்பா பாத்திரக் கடையில் பெயர் வெட்டியவர். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எழுத்து வளையும் இடத்தில் பாத்திரத்தைத்தான் திருப்புவார். செம்புத் தகட்டு வேலையிலும் அப்படித்தான், வளைவுக்குத் தகடு திரும்பும். உளியை ஆழமாக அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். பிசகினால் லேசில் அழிக்க முடியாது. டியூரரும் பொற்கொல்லரான அப்பாவிடம் முதலில் தொழில் பழகியவர். அந்தக் கையின் அழுத்தம் முழுக்கக் கோட்டில்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டு உயிர் வந்தது என்றால் எப்படி?

"அந்தக் காலத்திலேயே அச்சுப் படங்களுக்கு வண்ணம் பூசினார்களே" என்பீர்கள். பூசினார்கள், அதுவும் மரக்கட்டை அச்சுகளுக்கு நிறையவே. சரி, அதனால்? 1528இல், அந்தக் காலத்துப் பெரிய அறிஞர் எராஸ்மஸ் டியூரரைப் பற்றி எழுதியது இதுதான்: மற்றவர்களுக்கு வண்ணம் வேண்டியிருப்பதை இவர் கறுப்புக் கோட்டிலேயே காட்டிவிடுகிறார், மேலே வண்ணம் பூசினால் படம் கெட்டுவிடும். நான் சொன்னால் மட்டும் திமிரா?

அதைக்கூட விட்டுவிடுவேன். "பக்தி இல்லாதவர்கள்தான் சாமி படத்தில் கோடு எண்ணுவார்கள்" என்று ஒரு கமெண்ட். எழுதியவர் என்னை நன்றாகத் தெரிந்தவர். ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது. படத்தில் கிழவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். முன்னால் சிங்கம் படுத்திருக்கிறது, பக்கத்தில் நாய் தூங்குகிறது. அந்த அமைதியை, உத்தரத்து மரத்தின் ரேகை வரைக்கும், கோடு கோடாக வெட்டியவருக்குப் பக்தி உண்டு என்றால், அதைக் கோடு கோடாகப் பார்ப்பவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

கமெண்டை நீக்கச் சொல்லவில்லை. வண்ணம் ஏறாத படத்தைப் பெரிதாக்கி, அந்த ஜன்னலை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.