பிரேக் பேடில் இருக்கும் எழுத்து தர முத்திரை அல்ல

பிரேக் பேடில் 'ஜிஜி' (GG) என்று இருந்தால் உயர்ந்த தரம், அதிக நாள் உழைக்கும். 'எஃப்எஃப்' (FF) இரண்டாம் தரம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. அந்த எழுத்துகள் உராய்வுக் குணகத்தை, அதாவது பேட் டிஸ்க்கை எவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்ற அளவை, மட்டும்தான் சொல்கின்றன. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. இ (E) என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. 0.36-ம் எஃப், 0.44-ம் எஃப்! எத்தனை கிலோமீட்டர் ஓடும், டிஸ்க்கை எவ்வளவு தேய்க்கும் என்பதெல்லாம் இதில் கிடையாது.

சரிபார்ப்பது சுலபம். அடுத்த முறை மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றும்போது, கம்பெனியிலிருந்து காரோடு வந்த பழைய பேடை வாங்கி விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள் (கை கரியாகும், பரவாயில்லை). நீளமான எண்வரிசையின் நடுவிலோ கடைசியிலோ இரண்டு எழுத்து இருக்கும். பல கார்களில் அது எஃப்எஃப்தான். எழுத்துகளுக்கான விளக்கம் வேண்டுமென்றால் எஸ்ஏஇ ஜே866 (SAE J866, வாகனப் பொறியாளர் சங்கம் இந்த எழுத்துகளுக்கு வகுத்த விதி) என்று தேடுங்கள், அட்டவணையே கிடைக்கும்.