அந்தத் தட்டை வரைந்தவர் ரஃபேல் இல்லை

இந்த இழையில் மேலே ஒருவர் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள இசபெல்லா தெஸ்தே என்ற இத்தாலியப் பிரபுகுலப் பெண்மணியின் தட்டைப் படமாகப் போட்டு, "ரஃபேல் கைப்பட வரைந்த பீங்கான்" என்கிறார். நிறையப் பேர் அதை நம்பிப் பகிர்ந்திருக்கிறீர்கள். ரஃபேல் என்பதும் தவறு, பீங்கான் என்பதும் தவறு.

இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1520-லேயே இறந்துவிட்டார். தட்டு 1524-ஐ ஒட்டியது; வரைந்தவர் நிக்கோலா த உர்பினோ என்ற பாண்ட ஓவியர். ரஃபேலின் உருவங்களை மார்க்கன்தோனியோ ரைமோந்தி போன்றவர்கள் செதுக்கி அச்சிட்டார்கள். அந்த அச்சுப்படங்கள் பாண்டப் பட்டறைகளில் புழங்கின, பாண்டத்தில் வரைபவர்கள் அவற்றிலிருந்து உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் சேகரிப்பாளர்கள் இவ்வகைப் பாண்டங்களுக்கே "ரஃபேல் பாண்டம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் வேர் விட்டது.

பீங்கானும் இல்லை, இது மயோலிக்கா. சாதாரணக் களிமண் தட்டை ஒருமுறை சுட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி எடுப்பார்கள். இவ்வகைத் தட்டின் விளிம்பு சில்லு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள்: முட்டையோடு மாதிரி மெல்லிய வெள்ளை, அதற்கடியில் மங்கலான மண் நிறம். பீங்கான் என்றால் உள்ளேயும் வெள்ளையாக இருக்கும்.

காய்ந்த பூச்சு மாவு போல இருக்கும். தூரிகை பட்டதும் நிறத்தை உறிஞ்சிவிடும், கோடு பிசகினால் சரிசெய்வது மிகக் கடினம். அதன் மேல்தான் நிக்கோலா, ஃபெட்ரா–ஹிப்போலிட்டஸ் என்ற கிரேக்கப் புராணக் கதையை வரைந்திருக்கிறார். அந்தக் கைக்குரிய பெயரை அவருக்கே கொடுங்கள். பதிவைத் திருத்திவிடுங்கள், தயவுசெய்து.