செயலியில் பழமொழி இருக்கிறது, பேச்சைத்தான் காணோம்

கானாவின் அக்கான் மக்களுடைய பழமொழிகளை இளசுகளுக்கு செல்போன் வழியாகக் கற்றுக்கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தாலே, எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. தினம் ஒரு பழமொழி, கீழே ஆங்கிலத்தில் பொருள், ஒரு படம், கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் வினாடி வினா. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. செல்போன் மேல் கோபமில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் புத்தகத்தையே செய்கிறார்களே என்றுதான் எரிச்சல்.

புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த கிறிஸ்டாலர் 1879-லேயே, அக்கான் மொழியின் ஒரு வழக்கான ட்வியில் 3,600 பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். பிற்காலத்தில் பெகி அப்பியாவும் அவருடைய மகன் க்வாமே அந்தோணி அப்பியாவும் இன்னொருவரோடு சேர்ந்து கொண்டுவந்த தொகுப்பில் 7,000-க்கு மேல் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படித்து நகரத்தில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது, எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்கிற பழக்கம்.

'டி கொரோ ங்கோ அஜினா' என்று ஒன்று. ஒற்றைத் தலை ஆலோசனைக்குப் போகாது என்று அர்த்தம். பெரியவர்கள் கூடிய சபையில் சொன்னால், எல்லோரும் மனதில் இருப்பதைப் பேசுங்கள் என்ற அழைப்பு. ஒருத்தரையும் கேட்காமல் நிலத்துக்கு விலை பேசிவிட்டு வந்த கணவனிடம் மனைவி சொன்னால், அது சூடு. வினாடி வினாவில் 'ஒற்றுமை' என்பதைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று, 'குழந்தை நத்தையைத்தான் உடைக்கும், ஆமையை உடைக்காது.' வயசுக்கு மீறி ஆடும் பையனைப் பெரியவர் அடக்கச் சொல்வது. இதை மனப்பாடம் செய்துகொண்டு பையன் தாய்மாமனிடமே எடுத்துவிட்டால்? அக்கான் குடும்பத்தில் தாய்வழிதான் வம்சம், மாமன் சொத்து அவருடைய சகோதரி மகனுக்குப் போவதுதான் பழைய வழக்கம். பையன் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முன்னால் இளையவர் பழமொழி சொல்ல வேண்டியிருந்தால், 'செபே' என்று முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 'நீங்கள்தானே சொல்வீர்கள் பெரியவர்களே' என்று ஆரம்பித்து, பழமொழியை அவர்கள் வாயிலேயே போட்டுவிட வேண்டும். இதைச் சொல்லித்தராத செயலி பிள்ளையைத் திட்டு வாங்கத்தான் அனுப்புகிறது.

சரி, செல்போனால் என்னதான் ஆகும்? குரலைக் கொடுக்க முடியும். ட்வியில் சுருதி ஏறி இறங்கினால் சொல்லே வேறாகிவிடும், ஆனால் வழக்கமான எழுத்தில் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் குறியே போடுவதில்லை. ஆட்டும்பான் என்ற ஜோடி முரசில் ஒன்று உச்சத்திலும் மற்றது தாழ்ந்தும் ஒலித்து, பழமொழியை அப்படியே பேசிக் காட்டும். முரசே பேசுகிற மொழியை ஊமைத் திரையில் காட்டி என்ன பிரயோசனம்?

எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. வாயை அகலத் திறந்து சொல்லும் எ, ஒ ஒலிகளுக்கு ட்வியில் தனி எழுத்துகள். சாதாரண கீபோர்டில் அவை இல்லாததால், பசங்க முதலாவதற்கு 3 என்ற எண்ணையும் இரண்டாவதற்கு மூடும் அடைப்புக்குறியையும் போட்டு ஜாலியாக அரட்டை அடிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்! தேடும் இடத்தில் 3 போட்டால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று கைவிரிக்கும் செயலியை அவர்கள் மறுபடி திறப்பார்களா?

என்னைக் கேட்டால் தனிச் செயலிகூட வேண்டாம், ஒரு வாட்ஸாப் குழு போதும். வாரம் ஒரு வழக்கைப் போடுங்கள். அண்ணன் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை, தம்பிக்குக் கேட்கக் கூச்சம், அவன் என்ன சொல்லலாம்? பிள்ளைகள் குரல் பதிவில் பதில் அனுப்பட்டும். குமாசியில் ஒரு பாட்டி கேட்டுச் சிரிக்கட்டும், 'அட, இப்படிச் சொல்லு' என்று திருத்தட்டும். கேப் கோஸ்ட் ஊர்த் தாத்தா அதையே அக்கானின் இன்னொரு வழக்கான ஃபான்டேயில் சொல்லட்டும். இரண்டில் எது சரி என்று அவர்கள் சண்டை போட்டால் இன்னும் நல்லது, பிள்ளைகள் அதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

கானாவின் மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் செல்போன் வைத்துக்கொள்ளத் தடை, அதனால் விடுமுறையில்தான் இதெல்லாம் ஓடும். அப்புறம், பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், டேட்டாவுக்குக் காசு அந்தப் பிள்ளைகள்தான் போடுகிறார்கள்.